முகவரி ஆள் ஆகாது

கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு 'ப்ராக்ஸி' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வராத நண்பனுக்காகக் குரலை மாற்றி 'ப்ரெசன்ட் சார்' சொல்கிற ஆள் எல்லா வகுப்பிலும் உண்டு. பதிவேட்டில் ஏறுவது ஒருவர் பெயர். பெஞ்சில் இருப்பது வேறொருவர். இணையத்தில் இருக்கிற ப்ராக்ஸி செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஒரு தளத்துக்கு நேராகப் போகாமல், நடுவில் இருக்கிற ஒரு கணினியிடம் சொல்கிறீர்கள். அது உங்களுக்காகப் போய் வாங்கிவந்து கொடுக்கிறது. அங்கே பதிவாவது அதன் முகவரி. உங்களுடையதல்ல.

தோழர்கள் பலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "ப்ராக்ஸிக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு வர்றவனோட உண்மையான ஐ.பி. முகவரியைக் கண்டுபிடிக்க முடியுமா?" வேறு சிலர் இதையே திருப்பிப் போட்டுக் கேட்கிறார்கள்: "ப்ராக்ஸி போட்டுக்கிட்டா நம்மளக் கண்டுபிடிக்க முடியாதுல்ல?" ஒன்று தேடுகிறவரின் கேள்வி. மற்றது தேடப்படுகிறவரின் கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அது இரண்டு தரப்புக்குமே அவ்வளவு இனிப்பாக இருக்காது. அதைப் பேசத்தான் இந்தத் தலையங்கம்.

இலக்கியப் பத்திரிகைக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் இருக்கிறது. சென்ற பருவத்தில் நமக்குத் தெரிந்த மாணவர்கள் சிலர் கையில் ஒரு தாளோடு வந்தார்கள். படிப்புக் குறிப்புகள், உதவித்தொகை விவரங்கள் போட்டு வைக்கிற ஒரு சிறு தளத்தை நடத்துகிறவர்கள். அதில் வேலை செய்கிற ஒரு மாணவிக்கு ஆபாசமும் மிரட்டலுமாகத் தொடர்ந்து செய்திகள். சர்வரின் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு செய்திக்கு நேரேயும் ஓர் எண். விசாரித்தால் அது அவர்களுடைய கல்லூரி விடுதியின் எண். அந்த விடுதியில், முன்பு அந்தப் பெண்ணோடு வாக்குவாதம் செய்த ஒரு பையன் இருக்கிறான். போதாதா?

"இவன்தாண்ணே. நாளைக்கு முதல்வர்கிட்ட எழுதிக் குடுக்கப் போறோம். பேரு, போட்டோ எல்லாம் போட்டு நோட்டீஸ் ஒட்டப் போறோம்."

அந்தப் பையன் அவன் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வெளியே அனுப்பினால் திரும்பிப் போக அவனுக்கு இருப்பது செங்கல் சூளை. மிரட்டப்பட்ட பெண்ணின் கோபம் நியாயமானது. அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த எண்ணை அந்தப் பதிவேட்டில் எழுதியது யார்? இதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பிழைப்பவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். நடக்க முடியாத ஒரு பெரியவர், பணம் எடுக்கும் சீட்டை வேறொருவரிடம் கொடுத்தனுப்புகிறார். கவுன்டரில் நிற்பவரை நான் கண்ணால் பார்க்கிறேன். அதற்கு நானே சாட்சி. சீட்டில் எழுதியிருப்பதோ, இன்னொருவர் சொன்ன சேதி. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தால் பொறுப்பு என் தலையில்தான் விழும். பார்த்தது வேறு, எழுதிக் கொடுத்தது வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

சர்வருக்கும் இதே நிலைதான். தன் கதவைத் தட்டுகிற கணினியின் முகவரியை அது நேராகவே அறியும். இணைப்பு அமைவதற்கு முன்பு இரண்டு பக்கமும் மூன்று தடவை சேதி பரிமாறிக்கொள்ள வேண்டும்: வரலாமா, வரலாம், சரி வருகிறேன் என்கிற மாதிரி. பொய் முகவரி சொல்லித் தட்டினால் 'வரலாம்' என்ற பதில் அந்தப் பொய் முகவரிக்குப் போய்விடும். இணைப்பே அமையாது. ஆகவே நேர் எதிரே நிற்கிற கணினியின் முகவரியைப் பொய்யாக்குவது லேசுப்பட்ட காரியமல்ல.

ஆனால் இன்று பெரும்பாலான தளங்கள் தம் கதவைத் தாமே திறப்பதில்லை. முன்னால் ஒரு காவல் சர்வர் நிற்கிறது. 'ரிவர்ஸ் ப்ராக்ஸி' என்பார்கள். என்ஜின்எக்ஸ், ஹெச்ஏப்ராக்ஸி போன்ற மென்பொருள்களை நாமே நிறுத்தி வைக்கலாம். கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனங்களிடமும் அந்த வேலையை ஒப்படைக்கலாம். எப்படியானாலும் உள்ளே இருக்கிற நம் சர்வர் பார்ப்பது இந்தக் காவலாளியை மட்டும்தான். வருகிற ஆயிரம் பேருக்கும் ஒரே முகவரிதான் பதிவாகும்.

இதற்கு ஒரு வழியை 'ஸ்க்விட்' என்ற ப்ராக்ஸி மென்பொருளை எழுதியவர்கள் கொண்டுவந்தார்கள். தன்னிடம் வந்தவரின் முகவரியை ப்ராக்ஸி ஒரு வரியில் எழுதி, வேண்டுகோளோடு சேர்த்து உள்ளே அனுப்பும். அந்த வரியின் பெயர் 'எக்ஸ்-ஃபார்வர்டெட்-ஃபார்'. நடுவில் பல ப்ராக்ஸிகள் இருந்தால் ஒவ்வொன்றும் தான் பார்த்த முகவரியை வலப்பக்கம் சேர்த்துக்கொண்டே போகும். 2014 ஜூனில் 'ஃபார்வர்டெட்' என்ற பெயரில் இதற்கு முறையான வரையறையும் வந்துவிட்டது. ஆர்.எஃப்.சி. 7239 என்பது அதன் எண். ஆனாலும் பழைய பெயர்தான் இன்னமும் பரவலான புழக்கத்தில் இருக்கிறது.

நிற்க. இந்த வரியை ப்ராக்ஸி மட்டும்தான் எழுத முடியுமா? இல்லை. வருகிறவரே எழுதிக்கொண்டு வரலாம். அதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். 'கர்ல்' என்ற இலவசக் கருவியில் ஒரே ஒரு கட்டளை போதும். எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் எண்ணை எழுதலாம். என் எண்ணை எழுதலாம். ஒரு விடுதியின் எண்ணையும் எழுதலாம்.

எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் எண்களைக் கொண்டு சொல்கிறேன். வருகிறவர் 203.0.113.7 என்று தானே எழுதிக்கொண்டு வருகிறார். காவல் சர்வர் அதை அழிக்காமல், தான் கண்ணால் பார்த்த 198.51.100.24 என்ற எண்ணை அதற்கு வலப்பக்கம் சேர்க்கிறது. உள்ளே வந்து சேரும் வரி இப்படி இருக்கும்: 203.0.113.7, 198.51.100.24. அவசரக்காரர்கள் இடப்பக்கத்து முதல் எண்ணை எடுத்துக்கொண்டு 'இதோ உண்மையான முகவரி' என்பார்கள். பல நிரல்களும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. உண்மையில் அது வந்தவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. வலப்பக்கத்து எண் மட்டுமே நம் காவலாளி பார்த்தது.

எனவே வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நம்மோடு நேராக இணைந்திருக்கிற கணினி நம்முடைய காவல் சர்வர்தானா? ஆம் என்றால் அது எழுதிய கடைசி எண்ணை நம்பலாம். அந்த எண்ணும் நம்முடைய இன்னொரு காவல் சர்வரா? ஆம் என்றால் இடப்பக்கம் ஓர் எண் நகரலாம். நம்முடையதல்லாத முதல் எண் வந்ததும் நின்றுவிட வேண்டும். நம் பார்வையின் எல்லை அதுதான். அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் வாய்ச்சொல்.

என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் 'ரியல் ஐ.பி.' பகுதியில் எந்தெந்த முகவரிகள் நம் காவலாளிகள் என்று எழுதி வைத்தால் இந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். அப்பாச்சியில் அதே வேலைக்கு 'மாட் ரிமோட்ஐபி' இருக்கிறது. கிளவுட்ஃப்ளேர், வந்தவரின் முகவரியைத் தனியாக 'சிஎஃப்-கனெக்டிங்-ஐபி' என்ற வரியில் அனுப்புகிறது. தன் சொந்த முகவரிகளின் பட்டியலையும் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கிற முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே அந்த வரியை நம்ப வேண்டும். முன்வாசலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டால், எவரும் நேராக உள்ளே வந்து அந்த வரியையும் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ஆகவே காவலாளி வழியாக அல்லாமல் வருகிற எதையும் ஃபயர்வாலில் அடைத்துவிட வேண்டும்.

அந்த மாணவர்களின் தாளில் இருந்தது என்ன? முழு வரியையும் எடுத்து வரச் சொன்னேன். இரண்டு எண்கள். இடப்பக்கம் விடுதி எண். வலப்பக்கம், வேறொரு நாட்டில் வாடகைக்கு சர்வர் விடுகிற நிறுவனத்தின் எண். அவர்களுடைய நிரல் இடப்பக்கத்தை எடுத்துப் பதிந்திருக்கிறது. விடுதி எண்ணை நம் காவலாளி பார்க்கவே இல்லை. மிரட்டியவர் ஒரே கல்லில் இரண்டு பேரை அடிக்கப் பார்த்திருக்கிறார்: ஒன்று அந்தப் பெண், இன்னொன்று அந்த விடுதியில் இருக்கிற எவனாவது ஒருவன். நோட்டீஸ் ஒட்டப்படவில்லை. முழு வரியையும் நேரத்தோடு எழுதி, பெண்ணின் புகாராக சைபர் குற்றப் பிரிவில் கொடுத்தார்கள். ஆள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் ஒரு பதில்தான். பொய்யான பதிலைவிட மேலான பதில்.

சரி, அந்த வலப்பக்கத்து எண்ணே ஒரு ப்ராக்ஸியாக இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பவரைக் காண வழியே இல்லையா? இருக்கிறது. நான் அறிந்தவரை மூன்று வழிகள்.

ஒன்று, ப்ராக்ஸியே சொல்லிவிடுவது. சில ப்ராக்ஸிகள் மேற்படி வரியை ஒழுங்காக எழுதி, தம்மிடம் வந்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும். சில, 'நான் ப்ராக்ஸி' என்று மட்டும் சொல்லும். சில வாயே திறக்காது. உலாவியின் அமைப்பில் போடுகிற ப்ராக்ஸி வழியாக 'ஹெச்.டி.டி.பி.எஸ்.' தளத்துக்குப் போனால், பூட்டிய பெட்டிக்குள் அந்த வரியை எழுத அதனால் முடியாது. அப்போது நமக்குக் கிடைப்பது ப்ராக்ஸியின் முகவரி மட்டும்தான்.

இரண்டு, உலாவி உளறிவிடுவது. வீடியோ உரையாடலுக்காக உலாவிகளில் 'வெப்ஆர்டிசி' என்ற வசதி வைத்திருக்கிறார்கள். அது தன் முகவரியைத் தெரிந்துகொள்ள வெளியே ஒரு சர்வரிடம் கேட்கும். அந்தக் கேள்வி ப்ராக்ஸி வழியாகப் போகாமல் நேராகப் போய்விடுவதுண்டு. பக்கத்தில் ஒரு சிறு நிரலை வைத்து அந்தப் பதிலைப் பறித்துவிடலாம் என்பது 2015 ஜனவரியில் பரவலாகத் தெரியவந்தது. உலாவிக்காரர்கள் பிறகு சில ஓட்டைகளை அடைத்தார்கள். ஆனாலும் அமைப்பைச் சரிபார்க்காதவர்களுக்கு ஆபத்து முழுசாகப் போய்விடவில்லை.

மூன்று, ப்ராக்ஸிக்காரரின் பதிவேட்டை அதிகாரம் கேட்டு வாங்குவது. 2011-இல் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்தின் தகவல்களைத் திருடிய வழக்கில் அமெரிக்காவில் ஓர் இளைஞர் கைதானார். தன்னை மறைக்க அவர் பயன்படுத்தியது 'ஹைட் மை ஆஸ்' என்ற பிரிட்டிஷ் சேவை. ஒளிந்துகொள்ள உதவுவதே அவர்கள் வியாபாரம். நீதிமன்ற உத்தரவு வந்ததும் பதிவேட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். 2013-இல் அவருக்கு ஓராண்டுச் சிறை. திருட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2021 செப்டம்பரில் வெளிவந்த சேதியை என்ன சொல்வது? பிரான்சில் காலநிலைப் போராட்டத்தில் இருந்த ஒருவரின் ஐ.பி. முகவரியை, ஸ்விட்சர்லாந்து அதிகாரிகளின் உத்தரவின் பேரில் 'ப்ரோட்டான்மெயில்' பதிந்து கொடுத்தது. அது ப்ராக்ஸி அல்ல, மின்னஞ்சல் சேவை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். நடுவில் நிற்பவர் உங்களைப் பார்க்கிறார். பார்க்கிறவரை ஒருநாள் கேட்பார்கள்.

நம் நாட்டில் இது எழுதிவைத்த விதியாகவே வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று 'செர்ட்-இன்' பிறப்பித்த உத்தரவின்படி வி.பி.என். சேவை நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐ.பி. எண் எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். இதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை அந்த ஆண்டே இந்தியாவில் இருந்த தம் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

இலவச 'வெப் ப்ராக்ஸி' தளங்களில் முகவரியைத் தட்டிவிட்டு 'இனி நம்மள யாரும் பாக்க முடியாது' என்று நம்புகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்துக்குள் நீங்கள் திறக்கிற தளத்தின் பூட்டை அவிழ்ப்பது அந்த ப்ராக்ஸிதான். நீங்கள் படிப்பதை அது படிக்கும். தட்டுகிற கடவுச்சொல்லும் அதன் கையில். யார் நடத்துகிறார், எதற்காக இலவசமாக நடத்துகிறார் என்று கேட்டீர்களா? போலீஸிடமிருந்து ஒளிவதாக நினைத்துக்கொண்டு பெயர் தெரியாத ஒருவர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிற கதை இது. மறைவு உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு 'டோர்' உலாவி இருக்கிறது. மூன்று கணினிகள் வழியாகப் போகும். முதலாவது உங்களை அறியும், போகிற இடத்தை அறியாது. மூன்றாவது போகிற இடத்தை அறியும், உங்களை அறியாது. வெப்ஆர்டிசி அதில் அடைக்கப்பட்டிருக்கிறது. அதிலும் உங்கள் சொந்தப் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தால், கதை முடிந்தது.

இப்போது கடைசி விஷயம். இதுதான் முக்கியமான விஷயம். எல்லாத் திரைகளையும் விலக்கி உண்மையான முகவரியையே பிடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆளைப் பிடித்துவிட்டோமா?

இல்லை. பழைய ஐ.பி. முறையில் மொத்த எண்களே சுமார் 429 கோடிதான். பற்றாக்குறை. அதனால் ஒரு விடுதி முழுவதும் ஒரே எண்ணில் வெளியே போகிறது. மொபைல் நிறுவனங்கள் பெருந்தொகையான வாடிக்கையாளர்களை ஒரே எண்ணுக்குப் பின்னால் அடைக்கின்றன. அதற்கென்றே 2012-இல் 100.64 என்று தொடங்கும் தனித் தொகுதி ஒன்றை ஒதுக்கினார்கள். ஆகவேதான் 2011-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6302 ஆலோசனை சொன்னது: ஐ.பி. எண்ணை மட்டும் பதியாதே, வந்தவரின் போர்ட் எண்ணையும் துல்லியமான நேரத்தையும் சேர்த்துப் பதி. நேரம் என்றால் எந்த நாட்டு நேரம் என்பதும் வேண்டும். நமக்கும் உலகப் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். அந்த ஐந்தரை மணியில் அதே எண் வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இது வெறும் ஏட்டுப் பேச்சல்ல. 2007-இல் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஆர்க்குட் தளத்தில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்திப் படம் போட்டதாக வழக்கு. ஐ.பி. எண்ணுக்கு உரியவர் யார் என்று தொலைபேசி நிறுவனம் கொடுத்த விவரம் தவறு. அது தெரியவருவதற்குள் அந்த மனிதர் சுமார் 50 நாட்கள் சிறையில் கிடந்தார். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இன்னொரு கூத்து. ஐ.பி. எண்களுக்கு ஊர் சொல்லும் ஒரு நிறுவனம், இடம் தெரியாத 60 கோடிக்கும் மேற்பட்ட எண்களுக்கு நாட்டின் நடுமையம் என்று ஓர் இடத்தைக் குறித்து வைத்தது. அந்த இடத்தில் இருந்தது ஒரு பண்ணை வீடு. திருடனைத் தேடியும் காணாமல் போனவரைத் தேடியும் ஆண்டுக்கணக்கில் அங்கே ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஏன் வருகிறார்கள் என்று அந்த வீட்டாருக்கு 2016 வரை தெரியவே தெரியாது.

'எந்தத் தெரு' என்று கேட்டே ஆளை முடிவுகட்டுகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். முகவரியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதன் வலி நமக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அதே வேலையை நாம் ஒரு கணினி எண்ணை வைத்துக்கொண்டு இன்னொருவருக்குச் செய்யலாமா?

எனவே தோழர்களே, தளம் நடத்துகிறவர்களுக்குச் சொல்வது: உங்கள் காவலாளிகளின் பட்டியலை எழுதி வையுங்கள். வலமிருந்து படியுங்கள். வரி முழுவதையும், போர்ட்டையும், நேரத்தையும் பதியுங்கள். நல்லெண்ணத்தோடு வருகிறவர்களின் முகவரிகளைத் தேவைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். நாளை அதை வேறு யாராவது வந்து கேட்பார்கள். மிரட்டல் வந்தால் தாமதிக்காதீர்கள். 180 நாள் கழிந்தால் மறுபக்கத்துப் பதிவேடு அழிந்து போகலாம். மிரட்டப்பட்டவரின் பக்கம் உறுதியாக நில்லுங்கள். அப்படி நிற்பதற்காகக் கையில் கிடைத்த முதல் ஆளைத் தூக்கில் போட வேண்டியதில்லை.

போலீஸையும் கல்லூரி நிர்வாகங்களையும் கேட்பது: ஐ.பி. எண் விசாரணையின் தொடக்கம். அதை முடிவாக எழுதாதீர்கள். யார் பார்த்த எண், யார் எழுதிய எண், எந்த நேரம், எந்த போர்ட், அந்த நேரத்தில் அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேர் என்ற ஐந்து கேள்விக்கும் பதில் இல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

கணினிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனிடம் சொல்லப்பட்ட பொய்யை அது அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். எழுதியிருக்கிறதே என்பதற்காக நம்பாதவர்கள் என்றுதான் நம்மைப் பற்றி நாம் சொல்லிக்கொள்கிறோம். சர்வர் எழுதியதையும் அப்படியே படிப்போம்.